வாங்கினவன் சொந்தக்காரனா? குடக்கூலிக்காரனா?

ஒருவன் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி ஒரு வீட்டை விலைக்கு வாங்குகிறான். பத்திரம் பதிவாகிவிட்டது. சாவியும் கைக்கு வந்துவிட்டது. குடிபோன மறுநாள் சுவருக்குப் பச்சை நிறம் பூசலாம் என்று மட்டையைக் கையில் எடுக்கிறபோது, வீட்டை விற்றவன் வாசலில் வந்து நின்றுகொண்டு, "இந்த வீட்டுச் சுவர் நீலமாகத்தான் இருக்கவேண்டும், நிறம் மாற்ற வேண்டுமானால் இன்னும் இவ்வளவு பணம் எடு" என்று சொல்லுவானேயானால், வாங்கினவன் என்ன செய்வான்? மட்டையைக் கீழே போட்டுவிட்டு விளக்குமாற்றை எடுப்பான். ஊராரும் அவன் பக்கந்தான் பேசுவார்கள்.

இது வேடிக்கைக்குச் சொல்லுவதல்ல. உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றாகிய மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2009-ம் வருஷத்தில் இதை அப்படியே செய்தார்கள். வாங்கின ஜனங்களில் பெரும்பாலோர் விளக்குமாற்றை எடுக்கவுமில்லை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆதலால்தான் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத தோழர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் என்பது தகடும் கம்பியும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு பெட்டி. அது தானாக ஒன்றும் செய்யாது. அதை எழுப்பி, திரையில் எழுத்தும் படமும் காட்டி, நாம் சொல்லுகிற வேலையை அதற்குப் புரிகிறபடி சொல்லி வாங்குகிற அடிப்படைப் புரோகிராமுக்கு இயங்குதளம் என்று பெயர். மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவே வண்டிக்காரன் எப்படியோ, அப்படி. பெட்டிக்கு மாத்திரமல்ல, இன்று கிராமத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளையின் கையிலுள்ள போனுக்குள்ளும் இதே மாதிரி ஓர் இயங்குதளந்தான் இருந்து ஓட்டுகிறது. ஆகவே இது பட்டணத்துப் படிப்பாளிகளின் வழக்கு என்று யாரும் ஒதுங்கவேண்டியதில்லை.

மேற்படி கம்பெனியார் 2009-ல் "விண்டோஸ் 7" என்னும் இயங்குதளத்தை வெளியிட்டபோது, அதைப் பல தரமாகப் பிரித்து விற்றார்கள். அவற்றில் மிகவும் கீழ்த்தரத்திற்கு "ஸ்டார்ட்டர்" என்று பெயர். விலை குறைந்த சிறிய கம்ப்யூட்டர்களில் அதைப் போட்டே விற்றார்கள். அதை வாங்கினவன், திரையின் பின்னால் தெரிகிற படத்தை மாற்ற முடியாது. கம்பெனியின் முத்திரை போட்ட நீலப்படம் ஒன்று இருக்கும். அதையே அவன் காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தன் குழந்தையின் போட்டோவையோ, தன் வயலின் படத்தையோ, ஒன்றுமில்லாத வெறுங் கறுப்பையோ வைத்துக்கொள்ள அவனுக்கு அதிகாரமில்லை.

ஏன் இல்லை? படத்தை மாற்றுவதற்கு அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குச் சக்தி போதாதா? அதுவும் இல்லை. வெளியார் சிலர் சிறு புரோகிராம்களை எழுதி, அதே கம்ப்யூட்டரில் படத்தை மாற்றிக்காட்டினார்கள். கம்பெனிக்கே அமெரிக்காவில் சுமார் 80 டாலர் கட்டினால், புதிதாக ஒரு நீண்ட எண்ணைக் கொடுப்பார்கள். அதை உள்ளே தட்டினவுடன் மேல்தரம் திறந்துகொள்ளும், படமும் மாறும். அதாவது, மாற்றும் சக்தி அந்த யந்திரத்திற்கு முன்பே உண்டு. அதைச் சேர்ப்பதற்காக அவர்கள் பாடுபடவில்லை. அதைப் பிடுங்குவதற்காகத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். இல்லாத ஒன்றைச் செய்துகொடுத்து அதற்குக் காசு வாங்குவது வியாபாரம். இருக்கிற ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டு, கட்டை அவிழ்ப்பதற்குக் காசு கேட்பதற்கு நம் ஊர்களில் வேறு பெயர் சொல்லுவார்கள்.

இதற்கு முன் கதை இன்னும் அழகானது. 2004-ம் வருஷம் தொடங்கி, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேஷியா முதலிய தேசங்களில் "எக்ஸ்பி ஸ்டார்ட்டர்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அடுத்தபடியாக நம் இந்தியாவுக்கும், இந்தி மொழியில், அது வந்தது. அதில் ஒரே சமயத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க முடியாது. கடிதம் எழுதுவது ஒன்று, கணக்குப் போடுவது ஒன்று, பாட்டுக் கேட்பது ஒன்று. நாலாவதாக எதையாவது தொட்டால், முதலில் ஒன்றை மூடு என்று உத்தரவு வரும். அமெரிக்காக்காரனுக்கு இந்தத் தடை கிடையாது. ஏழை நாட்டானுக்கு மட்டுந்தான்.

இதற்கு அவர்கள் சொன்ன சமாதானம் என்னவென்றால், புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுகிறவர்கள் குழம்பிப்போகாமல் இருப்பதற்காகச் சுலபமாக்கியிருக்கிறோம் என்பதேயாகும். என்ன கருணை! அமெரிக்காவிலும் முதல் தடவை கம்ப்யூட்டரைத் தொடுகிற கிழவனும் குழந்தையும் இல்லையா? அவர்களெல்லாம் நாலாவது புரோகிராமைத் திறந்தால் குழம்பமாட்டார்களா? மூளை குழம்புவது பணப்பையின் கனத்தைப் பொறுத்ததா? இதே மூன்று என்கிற கணக்கை "விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரி"லும் முதலில் வைத்திருந்து, 2009 மே மாதத்தில், பலரும் ஆட்சேபித்த பிறகு, எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஏழைகளின் மூளை ஏப்ரல் மாதத்திற்கும் மே மாதத்திற்கும் நடுவில் வளர்ந்துவிட்டது போலும்!

நிற்க. இப்படிப்பட்ட தடைகளைப்பற்றிக் கேட்டால் எப்போதும் இரண்டு பதில்கள் தயாராயிருக்கும். ஒன்று, "அது முடியாது, யந்திரத்தின் அமைப்பு அப்படி" என்பது. மற்றொன்று, "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்பது. இந்த இரண்டையும் தனித்தனியே பிடித்து உலுக்கிப் பார்க்கவேண்டும்.

முதலாவது பதிலை எடுத்துக்கொள்வோம். 1998-ம் வருஷத்தில் அமெரிக்க சர்க்காரும் பல மாகாணங்களும் சேர்ந்து மைக்ரோசாப்ட் கம்பெனிமேல் வழக்குத் தொடுத்தன. அந்த வழக்கில் வெளிவந்த சங்கதிகளில் ஒன்று: கம்ப்யூட்டரைச் செய்து விற்கிற கம்பெனிகள்கூட, தாங்கள் விற்கிற பெட்டியில் விண்டோசின் திரையைத் தங்கள் இஷ்டப்படி அமைக்கக்கூடாது என்று லைசென்சில் எழுதி வாங்கியிருந்தார்கள். எந்தப் படக்குறியையும் எடுக்கக்கூடாது. யந்திரம் முதன்முதல் எழும்போது எது முன்னே, எது பின்னே தெரியவேண்டும் என்பதையும் மாற்றக்கூடாது. 1996-ல் காம்பாக் என்ற பெரிய கம்பெனி, மைக்ரோசாப்டின் இணைய உலாவிக் குறியைத் திரையிலிருந்து எடுத்ததற்காக, "விண்டோஸ் லைசென்சே ரத்தாகும்" என்று அதற்கு நோட்டீசு போயிற்று. காம்பாக் அந்தக் குறியைத் திருப்பி வைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனியின் கதியே இதுவானால், கடையில் ஒரு பெட்டி வாங்குகிற ஆசாமியின் கதியைச் சொல்லவேண்டுமா?

அந்த வழக்கில் மைக்ரோசாப்ட் தரப்பில், உலாவியை விண்டோசிலிருந்து பிரிக்கவே முடியாது, பிரித்தால் விண்டோஸ் கெடும் என்று சாதித்தார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் பெல்ட்டன் என்ற பேராசிரியர் அதை எடுத்துவிடுவதற்கு ஒரு புரோகிராம் செய்து காட்டினார். உடனே கம்பெனி தரப்பில், அவருடைய புரோகிராமைப் போட்டதால் விண்டோஸ் எப்படித் திணறுகிறது பாருங்கள் என்று ஒரு சலனப்படத்தைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். 1999 பிப்ரவரியில், சர்க்கார் வக்கீல் டேவிட் பாய்ஸ் அந்தப் படத்தை நடுவில் நிறுத்தி, திரையின் தலைப்பில் உள்ள எழுத்தைக் காட்டி, "இது பேராசிரியரின் புரோகிராம் போடாத கம்ப்யூட்டரல்லவா?" என்று கேட்டார். சாட்சி விழித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் எடுத்த படத்தை ஒன்றேபோல் ஒட்டியிருந்தார்கள் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2001 ஜூனில் அப்பீல் கோர்ட்டார், கம்பெனியை இரண்டாகப் பிளக்கவேண்டும் என்ற உத்தரவை ரத்துச் செய்தாலும், மேலே சொன்ன லைசென்சு நிபந்தனைகளில் பெரும்பாலானவை சட்டவிரோதம் என்பதை உறுதிப்படுத்தினார்கள். அடுத்த மாதமே, அந்தக் குறியை எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியே அனுமதி கொடுத்தது. விண்டோஸ் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

அன்றைக்கு முடியாதென்று சொன்னவர்கள் இன்றைக்குத் திருந்திவிட்டார்களா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. ஐரோப்பியக் கூட்டுநாடுகளில் 2024 மார்ச் முதல் புதுச்சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்திற்காக, அந்தப் பிரதேசத்தில் இருக்கிறவர்களுக்கு மாத்திரம், விண்டோசோடு வருகிற "எட்ஜ்" உலாவியை அடியோடு எடுத்துவிட வழிசெய்து கொடுத்தார்கள். ஆப்பிள் கம்பெனியும், தன் கடையைத் தவிர வேறு கடையிலிருந்து ஐபோனுக்குள் புரோகிராம் போட்டுக்கொள்ள அதே மாதத்தில் அங்கே இடங்கொடுத்தது. ஜப்பானும் சட்டம் போட்டது. 2025 டிசம்பரில் அங்கேயும் கதவு திறந்தது. நன்றாக யோசித்துப் பாருங்கள். பெட்டி அதே பெட்டி. புரோகிராம் அதே புரோகிராம். இருக்கிற தேசம் எது என்று மாத்திரம் அது பார்த்துக்கொள்ளுகிறது. பிரான்சுக்காரனானால் எடுக்கலாம், பெரம்பலூர்க்காரனானால் எடுக்கக்கூடாது. இதற்கு யந்திர சாஸ்திரத்தில் எந்த அத்தியாயத்தில் காரணம் எழுதியிருக்கிறது? யந்திரத்திற்கு ஆவது, ஆகாதது என்று ஒன்றுமில்லை. சட்டம் கேட்ட இடத்தில் ஆகிறது, கேட்காத இடத்தில் ஆகவில்லை என்பதுதானே உண்மை?

இனி இரண்டாவது பதிலாகிய "பாதுகாப்பு" என்பதைப் பார்ப்போம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கேட்கிறவன் வாயடைத்துப் போவான் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்து கணக்குப் புஸ்தகத்தைத் திருடுகிறவர்களும், எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்கிற கொள்ளைக்காரர்களும் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள். அதற்காகக் கதவுக்குப் பூட்டுப் போடுவது புத்திசாலித்தனமேயாகும். கேள்வியெல்லாம், பூட்டுக்குச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதுதான்.

2012-ம் வருஷத்தில் "விண்டோஸ் 8" வந்தது. அதோடு "செக்யூர் பூட்" என்ற ஒரு பூட்டும் வந்தது. யந்திரம் விழித்தெழும்போது, ஏற்றப்படுகிற இயங்குதளத்தில் தனக்குத் தெரிந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் எழும்ப மறுத்துவிடும். திருட்டுப் புரோகிராம் அடியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளாமல் தடுக்க இது உதவும் என்பது உண்மை. மைக்ரோசாப்ட் கம்பெனி தன் சான்றிதழ் வேண்டுகிற கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு எழுதிய விதியில், இன்டெல் ஜாதிச் சில்லு வைத்த கம்ப்யூட்டர்களானால், சொந்தக்காரன் இந்தப் பூட்டைக் கழற்றவும், தன் சொந்தச் சாவியைப் போட்டுக்கொள்ளவும் வழி வைத்தே தீரவேண்டும் என்றிருந்தது. நல்லதுதான். ஆனால் அதே விதியில், "ஆர்ம்" ஜாதிச் சில்லு வைத்த கம்ப்யூட்டர்களானால், பூட்டைக் கழற்ற வழி வைக்கவே கூடாது என்றிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே பூட்டு. ஒரு பெட்டியில் சாவி வாங்கினவனிடம் இருந்தால் ஆபத்தில்லையாம். பக்கத்துப் பெட்டியில் இருந்தால் ஆபத்தாம்! பழைய ஜாதிப் பெட்டிகளில் வெகுகாலமாக லினக்ஸ் முதலிய வேறு இயங்குதளங்களைப் போட்டுப் பழகியவர்கள் கோடிக்கணக்கில் கேள்வி கேட்பார்கள். புதிய ஜாதிப் பெட்டியில் கேட்பதற்கு அன்று ஆளில்லை. வித்தியாசம் இவ்வளவுதான் என்பது நமது அபிப்பிராயம்.

அப்படிப் பூட்டிய "சர்பேஸ் ஆர்டி" என்ற பலகைக் கம்ப்யூட்டர் 2012 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. கம்பெனியின் கடையிலிருந்து எடுத்த புரோகிராம்கள்தான் அதில் ஓடும். வேறு இயங்குதளம் போடமுடியாது. ஜனங்கள் அதை வாங்கவில்லை. 2013 ஜூலையில் 90 கோடி டாலர் நஷ்டமென்று கம்பெனி கணக்கெழுதிற்று. இதில் நாம் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஏனெனில் வாங்கி ஏமாந்தவர்களும் உண்டல்லவா? 2023 ஜனவரியோடு அந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோயின. பாதுகாப்பு நின்றுவிட்டது, பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு மாத்திரம் நிற்கவில்லை! பெட்டி நன்றாயிருக்கிறது, திரை நன்றாயிருக்கிறது, லினக்ஸ் ஒன்றைப் போட்டு ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றால் கம்பெனி வழிவிடவில்லை. இதற்கிடையே 2016 ஆகஸ்டில், கம்பெனி தன் சொந்த வேலைக்காகச் செய்துவைத்திருந்த, அந்தப் பூட்டைத் தாண்டவிடும் அனுமதிக் கோப்பு ஒன்று வெளியே கசிந்துவிட்டது என்று இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அம்பலப்படுத்தினார்கள். சொந்தக்காரனுக்குச் சாவி கொடுத்தால் திருடன் கைக்குப் போய்விடும் என்றவர்கள், தங்கள் இடுப்புச் சாவியையே தெருவில் விட்டுவிட்டார்கள்.

ஆப்பிள் கம்பெனியின் பாதுகாப்புக் கதை இதைவிட ரசமானது. ஐபோனை வாங்கினவர்கள் அதன் தளைகளை அவிழ்த்துத் தங்கள் இஷ்டப்படி திருத்திக்கொள்ளுவது சட்டப்படி குற்றமாகக்கூடாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டபோது, 2009-ல் அந்தக் கம்பெனி எதிர்வாதம் செய்தது. அதில், இப்படித் திருத்தின போனைக் கொண்டு செல்போன் கோபுரங்களையே ஸ்தம்பிக்கச் செய்துவிடலாம் என்றுகூட எழுதிற்று. 2010 ஜூலையில், திருத்திக்கொள்ளுவது குற்றமல்ல என்று தீர்ப்பாயிற்று. எந்த ஊர்க் கோபுரம் விழுந்தது? நாமும் அன்று முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த ஐபோனில் ஒரு சின்னப் படக்குறியைத் திரையில் வேண்டிய இடத்தில் வைத்து, நடுவில் காலியிடம் விடுவதற்கு, 2007-ல் போன் வந்ததிலிருந்து 2024 செப்டம்பர் வரை பதினேழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதாவது அலங்காரம், போகட்டும். வெளியார் செய்த விசைப்பலகையை அதில் போட்டுக்கொள்ள 2014 வரை அனுமதியில்லை. இது அலங்காரமா? ஒருவன் தன் தாய்மொழிக்கு நல்லதொரு விசைப்பலகை தன் கையாலேயே செய்து வைத்திருந்தாலும், தான் விலைகொடுத்து வாங்கின போனில் எங்கும் அதைக்கொண்டு எழுதமுடியாது. கம்பெனிக்கு எப்போது அந்த மொழியின் ஞாபகம் வருகிறதோ, அதுவரைக்கும் இங்கிலீஷ் எழுத்திலேயே தன் மொழியை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சிறிய மொழிக்காரர்களுக்கும், தமிழ்போன்ற பெரிய மொழிக்காரர்களுக்குங்கூட, இந்த "அழகுபடுத்தும்" சுதந்திரம் என்பது வெறும் அழகுச் சமாசாரம் அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவதாக ஒரு பதிலும் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. "அதைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்" என்பது அது. 1995 முதல் விண்டோஸ் திரையின் அடியில் ஒரு பட்டை உண்டு. அதை மேலேயோ, இடப்பக்கமோ, வலப்பக்கமோ தள்ளிவைத்துக்கொள்ளலாம். இருபத்தாறு வருஷம் இப்படியிருந்ததை, 2021 அக்டோபரில் வந்த "விண்டோஸ் 11"-ல் எடுத்துவிட்டு, பட்டை அடியில்தான் இருக்கும் என்று ஆக்கினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, 2022-ல் கம்பெனியார் தந்த பதிலின் சாரம், அதைத் திரும்பக் கொண்டுவர வேலை மிக அதிகம், விரும்புகிறவர்களோ மிகச் சிலர் என்பது.

சிலர் என்றால் யார்? உலகத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் ஓடுகிறது என்று பெருமை பேசுகிறவர்கள் இவர்களே. அதில் நூற்றுக்கு ஒருவர் என்றாலும் ஒரு கோடி ஜனங்கள் ஆகிறார்கள். மேலும், பத்துப் பேருக்கு நீலம் பிடிக்கிறது என்பதற்காகப் பதினோராவது ஆசாமியின் வீட்டுச் சுவரையும் நீலமாக்குவதற்கு யார் அதிகாரங்கொடுத்தது? அவன் மற்ற பத்துப் பேருடைய சுவரை மாற்றச் சொல்லவில்லையே! தன் சுவரைப்பற்றித்தானே கேட்கிறான்? தன் பட்டையைத் தான் நகர்த்த சொந்தக்காரனுக்கு இடமில்லாமற்போன அதே "விண்டோஸ் 11"-ல், ஸ்டார்ட் மெனுவுக்குள் சிபாரிசு என்ற பெயரில் விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்க 2024 ஏப்ரலில் கம்பெனிக்கு இடமிருந்தது. தேடிப்போய் அணைத்தால் அது அணையும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் வைப்பதற்கு முன் யாரைக் கேட்டார்கள்? வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரனுக்கு அனுமதி கிடையாது. சோப்பு விளம்பரம் ஒட்ட வெளியானுக்கு உண்டு.

"வேண்டாம்" என்பதற்கே அர்த்தத்தை மாற்றினவர்கள் இவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. "விண்டோஸ் 10"-க்கு மாறுங்கள் என்று 2016-ல் திரையில் ஓயாமல் ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மூடுவதாக, அதாவது வேண்டாம் என்பதாகப் பொருள் என்பது கம்ப்யூட்டர் தொட்ட குழந்தைக்கும் தெரியும். அந்த மே மாதத்தில், அதை அழுத்தினாலும் குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தே தீரும் என்று செய்துவிட்டார்கள். கேளாமல் வந்த இந்த மாற்றத்தால் தன் தொழில் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிற்றென்று கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டுக்குப் போய், 10,000 டாலர் வாங்கினார். அந்த அம்மாளை நாம் பாராட்டுகிறோம். கம்பெனியைவிடத் தான் சிறியவள் என்று அவர் நினைத்து வீட்டில் இருந்துவிட்டிருந்தால் அந்தப் பணமும் வந்திராது, நமக்கு இந்தச் சங்கதியும் தெரிந்திராது.

பூட்டும் இருக்கவேண்டும், சாவியும் சொந்தக்காரனிடம் இருக்கவேண்டும் என்றால் அது ஆகிற காரியமா என்று சிலர் கேட்கலாம். ஆகிற காரியந்தான். 2015-ல் ஆப்பிள் கம்பெனியே தன் மேக் கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டுப் போட்டது. இயங்குதளத்தின் உள்ளறைக் கோப்புகளை எந்தப் புரோகிராமும் தொடமுடியாது. ஆனால் சொந்தக்காரன் யந்திரத்தைத் தனி வழியில் எழுப்பி, ஒரே உத்தரவில் அந்தப் பூட்டைத் திறக்கலாம். குரோம்புக் என்ற கம்ப்யூட்டரிலும் இப்படியே. எச்சரிக்கை காட்டும், உள்ளே இருப்பதை அழித்துவிடுவேன் என்று சொல்லும், பிறகு வழிவிடும். எச்சரிப்பது நியாயம். எச்சரித்தபிறகும் விடமாட்டேன் என்பதுதான் அக்கிரமம். மேக்குக்கு ஆகிறது ஐபோனுக்கு ஏன் ஆகாது என்று அதே ஆப்பிள் கம்பெனியைத்தான் கேட்கவேண்டும்.

லினக்ஸ் முதலிய சுதந்திரப் புரோகிராம்கள் இருக்கின்றனவே, வேண்டியவர்கள் அதற்குப் போகலாமே என்பார்கள். போகலாம், போகவேண்டும் என்றுகூடச் சொல்லுவோம். ஆனால் பூட்டு பெட்டியிலேயே இருந்தால் புரோகிராமின் சுதந்திரம் எந்த மூலைக்கு? டிவோ என்றொரு கருவி, டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்வது, அமெரிக்காவில் விற்றது. அதற்குள் ஓடினது லினக்ஸ். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற நிபந்தனையின்பேரில் ஊரார் கூடி எழுதிக்கொடுத்த புரோகிராம். ஆனால் திருத்தினதைத் திருப்பிப் போட்டால் முத்திரை இல்லையென்று கருவி ஏற்காது. ஊர்க் கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தில் அடைத்து, ஊரானுக்கே மூடியைத் திறக்காதே என்பதுபோல. இதைத் தடுப்பதற்கென்றே ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவர் கூட்டத்தாரும் 2007 ஜூனில் தங்கள் உரிமப் பத்திரத்தின் மூன்றாவது பதிப்பில் புது விதி எழுதினார்கள். லினக்ஸின் மையப்பகுதியோ பழைய உரிமத்திலேயே நின்றுவிட்டது. அதைத் தனியாக ஒருநாள் எழுதவேண்டும்.

இப்போது நம் தேசத்திற்கு வருவோம். நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டர் என்பது ஆண்ட்ராய்டு போன்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-ந் தேதி கூகிள் கம்பெனிக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூகிளின் கடை வேண்டுமானால், கூகிளின் மற்றப் புரோகிராம்கள் மூட்டையையும் சேர்த்துப் போனில் போட்டே விற்கவேண்டும். ஆண்ட்ராய்டைத் தங்கள் இஷ்டம்போல் திருத்தி வேறு போன் செய்து விற்கக்கூடாது என்று போன் கம்பெனிகளிடம் எழுதி வாங்கியிருந்ததுதான் குற்றம். 1996-ல் காம்பாக்குக்கு வந்த நோட்டீசு இருபத்தாறு வருஷம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு நம் ஊருக்கு வந்ததென்று வைத்துக்கொள்ளலாம்.

ஆணையம் அபராதத்தோடு பத்துக் கட்டளைகளும் போட்டது. அதில் ஒன்று, போனோடு வந்த கூகிள் புரோகிராம்களை வாங்கினவன் எடுத்துவிடுவதைக் கூகிள் தடுக்கக்கூடாது என்பது. கூகிள் அப்பீலுக்குப் போயிற்று. 2023 மார்ச் 29-ந் தேதி தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் பத்துக் கட்டளைகளில் நாலை அடித்துவிட்டது. அடிபட்ட நாலில் மேலே சொன்ன கட்டளையும் ஒன்று. அபராதப் பணம் போகிற இடம் சர்க்கார் கஜானா. போன் கம்பெனிகளுக்குச் சில சலுகைகள் நிலைத்தன. போனை வாங்கின மனிதனுக்கு நேரே கையில் கிடைக்கவேண்டியிருந்த ஒன்று நழுவிற்று. நம் பத்திரிகைகள் அபராதத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டன. இந்தச் சங்கதியைப் பெட்டிச் செய்தியாகவாவது எத்தனை பேர் போட்டார்கள்?

ஐரோப்பாக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் கதவு திறந்தது அவர்கள் நம்மைவிட அறிவாளிகள் என்பதனாலல்ல. கேட்டார்கள், சட்டமாகக் கேட்டார்கள் என்பதனால்தான். நம் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் நம் வோட்டுப் பெற்று உட்கார்ந்திருக்கிறவர்கள் கையிலும் இதே போன்கள்தான் இருக்கின்றன. அவர்கள் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, சாலை, சாக்கடையோடு இதையும் ஒரு கேள்வியாகக் கேட்கலாம்.

அதற்குமுன், கடையில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரோ போனோ வாங்கப் போகிற தோழர்கள் விலையையும் நிறத்தையும் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: "ஐயா, இதில் வேறு இயங்குதளம் போட்டுக்கொள்ள முடியுமா? எழும்பும்போது பார்க்கிற பூட்டை நானே கழற்றலாமா? இதோடு வருகிற புரோகிராம்களில் எதையெதை நான் அடியோடு எடுத்துவிடலாம்?" அவர் தெரியாது என்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவருக்கும் யாரும் சொல்லவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பதில் எழுத்து மூலமாக வருகிறவரைக்கும் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.